படிச்ச இரும்பும் ஆயுத பூசைத் தேங்காயும்

எனக்கு முன்கோபம் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலும் என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது "என்னா, சும்மா இரும்புதானே" என்று சொல்லிவிட்டால் போதும், அவர்கள் கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறிப் போகிறவரை விடமாட்டேன். அதனால் இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவேன் என்பது வேறு விஷயம்.

பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வது உலோகிடைச் சேர்மங்களை. சொல்லும்போதே பல் ஆடுகிறது, எனக்கும் தெரியும். ஆனால் விஷயம் எளிது. இரண்டு உலோகங்களைச் சும்மா உருக்கிக் கலந்தால் அணுக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி கண்ட இடத்தில் நிற்கும். சில உலோகங்கள் மட்டும், அளவாகச் சேர்ந்தால், ஒவ்வோர் அணுவும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். எங்கள் லயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பரா அறையில் இரும்பு, அடுத்த காம்பராவில் அலுமினியம், அதற்கடுத்து மறுபடி இரும்பு. ஒருவரும் லேசில் வீடு மாறமாட்டார்கள். நெருப்பில் போட்டாலும் அந்த ஒழுங்கு சட்டென்று குலையாது. அதனால்தான் இவை சூட்டைத் தாங்குகின்றன. டைட்டேனியமும் அலுமினியமும் சேர்ந்த ஒன்று இன்றைக்கு விமான இன்ஜினுக்குள் டர்பைன் இறக்கையாகச் சுழல்கிறது, கனம் குறைவு என்பதால். மொலிப்டினமும் சிலிக்கனும் சேர்ந்த இன்னொன்று ஆயிரத்தைந்நூறு டிகிரிக்கு மேலும் உலைக்குள் வெறுங்காற்றில் தகதகவென்று நிற்கும்.

அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். நான் எடுத்துக்கொண்டது இரும்பும் அலுமினியமும் சேர்ந்ததை, ஏழை வீட்டுப் பிள்ளையை. பழைய இரும்புக் கடையிலேயே பாதிச் சாமான் கிடைத்துவிடும். சூட்டில் இதன் மேல், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினாவாலான மெல்லிய தோல் ஒன்று படியும். அந்தத் தோல் எங்காவது உரிந்தால் அடியிலிருந்து புதுத்தோல் வந்துவிடும். சாதாரண இரும்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்து வீணாய்ப் போகாது.

இதை ஏன் எடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மாமா. மாமா என்றால் அக்காவின் புருஷன். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போனால் வரும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரையருக்கு நெருப்புப் போடுவது அவர் வேலை. விறகு எரிகிற சூட்டில்தான் காற்று சூடாகி டிரையருக்குள் போய்த் தேயிலையை உலர்த்தும். அந்த விறகைத் தாங்கிக்கொண்டு அடுப்புக்குள் வரிசையாக வார்ப்பிரும்புக் கம்பிகள் கிடக்கும். மாமா வருஷத்துக்கு வருஷம் அவற்றோடு மல்லுக்கட்டுவார். வளைந்துபோன கம்பியைத் தூக்கிக் காட்டி, "கொழுந்தியா, இதுக்கும் முதுகு வலி வந்துருச்சு பாரு" என்பார். கம்பி ஒன்று விழுந்தால் விறகு சாம்பல் குழிக்குள் போய்விடும், அடுப்பு தணிந்துவிடும், டிரையர் நின்றுவிடும். அரைத்த கொழுந்து அப்படியே புளித்துப்போய்க் கிடக்கும். அன்றைக்கு, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் முகத்தைப் பார்க்க முடியாது. ஐயா சிங்களவர், தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்கு மாறிவிடுவார்.

அந்த ஐயாவிடம் போய், கம்பி ஒன்றை என் உலோகத்தில் செய்து தருகிறேன், ஒரு வருஷம் உங்கள் அடுப்பில் கிடக்கட்டும் என்று கேட்டேன். ஒரு கம்பிதானே என்று சரி சொன்னார். என் ஆய்வின் கடைசிப் பகுதி முழுக்க அந்த ஒரு கம்பியின் மேல்தான் நின்றது. ஆய்வுக்கூடத்தின் சின்ன உலையில் எதுவும் நன்றாகத்தான் நிற்கும். ஈர விறகும் சாம்பலும் உள்ள நிஜ அடுப்பில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

கண்டிப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் நாலைந்து கம்பிகளாக ஊற்றினோம். இரும்பும் உருகிய அலுமினியமும் சந்திக்கிற அந்தக் கணத்தை நீங்கள் பார்க்கவேண்டும். நாம் கொடுக்கிற சூடு போதாதென்று அவை இரண்டும் சேர்கிற சந்தோஷத்தில் தாங்களே சூட்டைக் கிளப்பும். உலோகம் உருக்கும் மூசைக்குள் வெளிச்சம் திடீரென்று ஏறும். நான் கை தட்டிவிட்டேன், பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். ஊற்றிய கம்பிகள் ஆறும்போது ஒன்றொன்றாக விரிசல் விட்டன. கடைசியில் ஒரே ஒரு கம்பிதான் முழுதாகத் தேறியது.

இங்கேதான் இந்த உலோகத்தின் குறையையும் சொல்லவேண்டும். சூட்டில் சிங்கம், குளிரில் கண்ணாடி. போதாததற்குக் காற்றிலிருக்கும் ஈரமும் இதற்கு ஆகாது. ஈரத்திலிருந்து அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், மிச்சமாகிற ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அணுக்களின் பிடியைத் தளர்த்திவிடும். உலர்ந்த காற்றில் கொஞ்சமாவது வளைந்து கொடுப்பது, ஈரக் காற்றில் பட்டென்று உடையும். இப்பேர்ப்பட்ட பொருளை நான் எங்கே கொண்டுபோனேன் என்றால், வருஷத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கிற ஊருக்கு.

கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கொட்டகலை தாண்டும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்து, குழந்தை தூங்குகிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வளைவுகளில் எல்லாம் கொஞ்சம் பார்த்து ஓட்டச் சொல்லி டிரைவரிடம் குரல் கொடுத்தார். நல்ல மனுஷன், நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் ஆயுத பூசை. ஸ்டோரில் எல்லா மெசினையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற இரும்புச் சாமானுக்கு, அது உருளையின் அச்சானாலும் சரி, பல்சக்கரமானாலும் சரி, அதன் மேலேயே தேங்காய் உடைப்பார்கள். முதல் அடியைச் சாமி பேரில் வாங்கிவிட்டால் பிறகு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கை. உடைப்பது எப்போதும் மாமாதான். அவர் உடைத்தால் தேங்காய் கத்தி வைத்து அறுத்த மாதிரி சரிபாதியாகப் பிளக்கும். தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் தேங்காயை அவர் கையில்தான் கொடுப்பார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு இருக்கும் பெருமையைக் கொஞ்சநஞ்சம் என்று சொல்ல முடியாது.

என் கம்பியை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, இரண்டு செங்கல்லின் மேல் பாலம் மாதிரி கிடத்தியிருந்தார்கள். நானும் அந்த ஸ்டோர் வாசலிலேயே வளர்ந்தவள்தான், அந்த வழக்கத்தை நன்றாகத் தெரிந்தவள்தான். ஆனாலும் பாருங்கள், புத்தி வேலை செய்யவில்லை. என் கம்பிக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்ற பூரிப்பில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா தேங்காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓங்கி ஒரே போடு போட்டார்.

உடைந்தது கம்பி.

தேங்காய் உடையவில்லை. அது முழுசாக உருண்டுபோய் டீமேக்கர் ஐயாவின் கால் சப்பாத்தில் முட்டி நின்றது. ஐயா "அபோய்!" என்றார். மணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது, அதுவும் சரிபாதியாக. யாரோ பின்னாலிருந்து, "படிச்ச இரும்பு ஒரு தேங்காய்க்குத் தாங்கலயே" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. சாமி காரியத்தில் இரும்பு உடைந்தால் நல்லதில்லை என்று முணுமுணுப்பு கிளம்பியது. நான் போனை அணைக்கக் கூட மறந்து நின்றேன். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் மாமாவின் முகத்தைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு மனசு வராது.

அன்று மத்தியானம் நான் ஒரு பாட்டம் அழுதேன், ஒரு பாட்டம் கத்தினேன். மாமா அடுப்பு வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் தண்ணீர் பட்டதால் உடைந்ததா என்று கேட்டார். இல்லை மாமா, ஒரே அடிக்குள் ஈரம் வேலை செய்ய நேரமில்லை, குளிர்ந்திருக்கும்போது இதன் சுபாவமே இதுதான் என்று லயக் காம்பரா கதையெல்லாம் சொல்லி விளக்கினேன். வீடு மாறத் தெரியாத அணுக்கள், அடி விழுந்தால் நகர்ந்து கொடுக்கவும் தெரியாமல் பிளந்துவிடும் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நெருப்புல நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லு."

"நிக்கும் மாமா."

எழுந்தார். கம்பித் துண்டு இரண்டையும் அந்தத் தலைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக ஐயாவிடம் போனார். அடுப்பின் நடுவே குறுக்காக ஒரு தாங்கி இருக்கிறது. துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் நுனி படும்படி வைத்தால் உட்காரும், நானே வைக்கிறேன் என்றார். உடைந்ததை அடுப்பில் வைக்க ஐயாவுக்கு இஷ்டமில்லை. ஆட்களும் முணுமுணுக்கிறார்கள், நாளைக்கு டிரையர் நின்றால் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு யார் பதில் சொல்வது என்றார். அப்போது மாமா சொன்னதை வாசலில் நின்ற நானும் கேட்டேன்.

"இது வுழுந்து டிரையர் நின்னா, நான் அடுப்ப வுட்டுட்டு வெறகு அடுக்கப் போறேங்க ஐயா. தேங்காயும் இனி தொடமாட்டேன்."

விறகு முற்றம் என்றால் நாள் முழுக்க மழையில் நிற்கிற வேலை. அதைவிட, அடுப்பு என்றால் மாமாவுக்கு உயிர். ஐயா, சரி வை என்றார். அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பிடி பிடித்தாள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஒருத்தரு கைராசிக்காரரு, ஒருத்தி படிச்சவ. ரெண்டு பேருமா சேந்து என் சோத்துல மண்ண அள்ளிப் போடுங்க" என்றாள்.

அந்த வருஷம் மாமாவுக்கு லேசாகப் போகவில்லை. மார்கழி பூசைக்கு லயத்துக் கோயிலில் தேங்காய் உடைக்க வேறொருவரைக் கூப்பிட்டார்கள். மாமா பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார் என்று அக்கா போனில் சொன்னாள். ஸ்டோரில் பெல்ட் அறுந்தாலும் கரண்ட் போனாலும் எல்லாவற்றுக்கும் அந்தத் தேங்காய்தான் காரணம். நான் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தினம் சாயந்திரம் மாமாவுக்குப் போன் போடுவேன். "நிக்குது" என்பார், வைத்துவிடுவார். மனுஷன் வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கும்.

சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டியது. டிரையர் ஓயாமல் ஓடியது, விறகெல்லாம் ஈரம். பக்கத்திலிருந்த வார்ப்பிரும்புக் கம்பிகள் தொய்ய ஆரம்பித்துவிட்டன என்று மாமா சொன்னார். நம்முடையது என்ன ஆயிற்று என்றேன். சாம்பல் மூடியிருப்பதால் சரியாகத் தெரியவில்லை, ஆனால் நெருப்பு கீழே இறங்கவில்லை என்றார். நம்முடையது என்று நான் சொன்னதை அவர் திருத்தவில்லை. கொஞ்ச நாளில் அவரே "நம்ம கம்பி" என்று சொல்லத் தொடங்கினார். விறகு போடுமுன் அதனோடு ஏதோ பேசுகிறார் என்று அக்கா புகார் சொன்னாள். என்னோடு பேசாததையெல்லாம் அதனோடு பேசுகிறாராம்.

அடுத்த ஆயுத பூசைக்கு முன்பு வழக்கம்போல அடுப்பை அணைத்து ஆறவிட்டார்கள். மறுநாள் காலையில் சுத்தம் செய்கிறார்கள் என்று தெரிந்து முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். அடுப்பு வாயைத் திறந்து மாமா சாம்பலை வாரினார். டீமேக்கர் ஐயா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயாவே நிற்கிறார் என்றதும் ஆட்களும் கூடிவிட்டார்கள். அக்கா மலைக்குப் போகாமல் வந்து நின்றாள். வார்ப்பிரும்புக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் கிழிந்த பாய் மாதிரி தொய்ந்து, மேலெல்லாம் செதில். அவற்றின் நடுவே முன்பக்கத் துண்டு, வைத்தது வைத்தபடி. மாமா விரலால் சாம்பலைத் துடைத்தார். சாம்பல் நிறத்தில் மழமழவென்று தோல். நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன்.

பின்பக்கத் துண்டைக் காணோம்.

ஐயா டார்ச்சை உள்ளே நீட்டினார். அந்த இடத்தில் கட்டி தட்டிய சாம்பல்தான் இருந்தது. விழுந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாமா சாம்பல் குழிக்குள் இடுப்பு வரை இறங்கித் துழாவினார், ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்தபோது முகமெல்லாம் சாம்பல், கண் மட்டும் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்போதுதான் மாமா அந்தக் கட்டியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. அவர் கண்ணில் உயிர் வந்தது. சுத்தியலை எடுத்து, தலைக்கு மேலே ஓங்கினார்.

"அடிக்காதீங்க மாமா!"

ஸ்டோரே அதிர்கிற மாதிரி கத்தினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. "குளுந்து கெடக்கு மாமா" என்றேன். மாமா என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு கட்டியை நகத்தால், குச்சியால், துணியால் என்று பிய்த்துப் பிய்த்து எடுத்தோம். உள்ளே இருந்தது நம்ம கம்பிதான். நேராக, முழுசாக, தாங்கியின் மேல் வைத்த நுனி வைத்தபடி. மாமா அதைத் தன் தோள்துண்டில் ஏந்தி இரண்டு கையாலும் வெளியே கொண்டுவந்தார். "நான் பெத்து போட்டப்ப என் புள்ளயக்கூட இவரு இப்புடித் தூக்கல" என்றாள் அக்கா. கூட்டம் சிரித்தது. ஐயா இரண்டு துண்டையும் ஒட்டிவைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் ஒரு வரிசை முழுக்க இதில் செய்து தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். எப்படி முடியும் என்று அப்போது எனக்கே தெரியாது. விரிசல் விடாமல் ஆறவைக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவேண்டும். ஆனால் அன்றைக்கு என்னிடம் நிலாவைக் கேட்டிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் பூசை. இரண்டு துண்டுக்கும் சந்தனப் பொட்டு, சின்னதாக ஆளுக்கொரு மாலை. ஐயா தேங்காயை எடுத்து நேராக மாமாவின் கையில் கொடுத்தார். மாமா வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் தயங்கினார். பிறகு வாசலிலிருந்த கருங்கல்லண்டை போனார். எல்லாரும் பின்னாலேயே போனோம். தேங்காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையை ஓங்கியவர், இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் கொழுந்தியா, இந்தக் கல்லும் ஒன்னோட ஆராய்ச்சியில இல்லியே?"

"இல்ல மாமா. ஒடைங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் ஓங்கிப் போட்டார். சரிபாதி. தேங்காய்த் தண்ணீர் தெறித்து ஐயாவின் சப்பாத்து நனைந்தது. அக்கா குனிந்து இரண்டு மூடியையும் பொறுக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு கம்பித் துண்டுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்துவிட்டு நிமிராமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்ன அக்கா என்று கேட்டேன். அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது என்றாள். அடுப்பு முந்தாநாளே அணைந்திருந்தது.